தோசைக்குப் ‘பக்கா’ சொன்ன லண்டன் பேரன்

கேள்வி: லண்டனில் பிறந்து வளர்ந்த பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். தோசையைச் சாப்பிட்டுவிட்டு ‘பக்கா’ என்றான். தமிழ்ப்படம் பார்த்துப் பழகியதா, ஆங்கிலத்திலேயே அப்படி ஒரு சொல் இருக்கிறதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ‘அருமை, முதல்தரம்’ என்பது இன்றைய பேச்சுவழக்குப் பொருள். 1999இல் பிபிசியில் சமைக்கத் தொடங்கிய ஜேமி ஒலிவர் வாய்க்கு வாய் இதைச் சொன்னதால் இன்னும் பரவியது.

சொல் இந்தியாவிலிருந்து போனது. ஹிந்தியில் ‘பக்கா’ என்றால் பழுத்தது, வெந்தது, உறுதியானது. எதிர்ச்சொல் ‘கச்சா’. சூளையில் சுட்ட செங்கல் பக்கா, வெயிலில் காயவைத்த பச்சைக்கல் கச்சா. அந்தக் கச்சாதான் தமிழகப் பத்திரிகைகளின் ‘கச்சா எண்ணெய்’. (நாம் மசகு எண்ணெய் என்போம்.) வெள்ளைக்காரர் கைக்குப் போனபின் ‘அசல்’, ‘முழுமையான’ என்ற பொருள்கள் முன்னுக்கு வந்து, பிறகு அதுவே பாராட்டாகிவிட்டது.

இன்னும் பின்னால் போனால் சமஸ்கிருதத்தின் ‘பக்வ’. நீங்கள் மா புளித்த பக்குவம் பார்க்கிறீர்களே, அந்தப் பக்குவமும் அதிலிருந்து வந்ததுதான். சமைத்தலைக் குறிக்கும் ‘பச்’ அதன் வேர். நளபாகத்தின் ‘பாகம்’ அதே குடும்பம். ஆங்கிலத்தின் ‘குக்’ லத்தீன் வழியாக வந்த தூரத்து உறவு. ஆகப் பேரன் தோசைக்குப் பொருத்தமான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறான்.

கேள்வி: வகுப்பில் இதைப் ‘புக்கா’ என்று வாசித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தில் ‘யு’ இருக்கிறதே?
– மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: புக்கை ஞாபகம் வந்திருக்கும்! ‘கப்’, ‘பஸ்’ இரண்டிலும் ‘யு’ என்ன ஒலி தருகிறதோ அதே ஒலிதான் இதிலும். நம் ஊர்களின் குறில் அகரத்தை அக்கால ஆங்கிலேயர் பெரும்பாலும் ‘யு’ போட்டே எழுதினார்கள். நம் ‘கறி’ ‘யு’ போட்ட ‘கரி’ ஆனதும், ‘பங்களா’ ‘பங்கலோ’ ஆனதும் அப்படித்தான். கடைசி ‘ஆ’வை இழுக்காமல் குறுக்கிச் சொல்லுங்கள். ஆனால் உதட்டைச் சுருக்குவதற்கான ‘பக்கர்’ என்ற சொல்லும் பிரித்தானியர் வாயில் இதே மாதிரித்தான் ஒலிக்கும். இடம் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் எழுதலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: வேண்டாம், இது வாய்ப்பேச்சுக்கான சொல். அமெரிக்கர் பலருக்குப் புரியவும் புரியாது. தமிழில் ‘பக்கா திருடன்’ என்றால் சரியான கள்ளன். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், இன்றைய காதுக்குத் திருடனை மெச்சுவதுபோல் கேட்கும்.