வீட்டு ஜெபமும் ஒரு கையெழுத்தும்

ஐயா,
கடலூர் மாவட்டத்தில் எங்கள் தெருவில் ஞாயிறுதோறும் ஒரு வீட்டில் இருபது பேர் கூடி ஜெபிப்போம். போன மாதம் சிலர் உள்ளே புகுந்து, மதம் மாற்றுகிறோம் என்று கத்தி, ஒரு பைபிளைக் கிழித்துப் போட்டார்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதோடு சரி. இப்போது அமைதிக் கூட்டம் என்று கூப்பிட்டு, இனி கூட மாட்டோம் என எழுதிக் கேட்கிறார்கள். போடலாமா? எங்களில் பலருக்குச் சான்றிதழில் இந்து எஸ்.சி. வழக்கு என்றாலே பயப்படுகிறார்கள்.
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

போடாதீர்கள். நாளை கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். ஆனால் கூட்டத்துக்குப் போங்கள். போகாவிட்டால் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். உங்கள் பதிலை இரண்டு நகல் எடுத்துக் கொடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மதமாற்றத் தடைச் சட்டம் என்று யாராவது மிரட்டினால், 2002-ல் வந்த அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் இப்போது இல்லை என்று சொல்லுங்கள். 2004-லேயே அவசரச் சட்டம் போட்டு நீக்கிவிட்டார்கள்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். வேண்டுமென்றால் மனுவை மாற்றி எழுத வேண்டும். 'எங்கள் மதத்தை இழிவுபடுத்தினார்கள்' என்று மூன்று பக்கம் எழுதினால் ஸ்டேஷனில் அது இரு தரப்புத் தகராறாகிவிடும், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 126-ல், அதாவது பழைய நடைமுறைச் சட்டத்தின் 107-ல், அமைதி காக்கப் பிணை கேட்டு உங்களையும் ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) முன்னால் நிறுத்துவார்கள். எத்தனை மணி, யார் வாசலைத் தாண்டினார், யார் கை எதில் பட்டது, வாயில் வந்த வார்த்தை என்ன: இவை போதும். அத்துமீறி நுழைந்ததற்கு பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 329. வழிபாட்டைக் கலைத்ததற்கு 300, ஓராண்டு வரை சிறை. பைபிளைக் கிழித்ததற்கு, புனிதப் பொருளைச் சேதப்படுத்தும் குற்றமான 298.

வெறும் புத்தகம்தானே என்பார்கள். திருச்சியில் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்த வழக்கில், 1958-ல் உச்ச நீதிமன்றம் புனிதப் பொருளுக்கு உதாரணமாகச் சொன்னவற்றில் பைபிளும் உண்டு. (ஆனால் தாமதத்தைக் காரணம் காட்டி பெரியாரை விட்டுவிட்டார்கள்.)

அப்படியும் பதியவில்லையா? பி.என்.எஸ்.எஸ். 173(4)-ன்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் மாஜிஸ்ட்ரேட், பிரமாணப் பத்திரத்தோடு. எஸ்.பி. படியைத் தாண்டிக் குதித்தால் மனு அங்கேயே திரும்பும்.

இனி சான்றிதழ். 300-வது பிரிவு புகார்தாரரின் மதத்தைக் கேட்பதில்லை; சட்டப்படி வழிபாட்டுக்குக் கூடியிருந்தார்களா என்பதே கேள்வி. விசாரணையில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், பொய் வேண்டாம். ஆனால் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் யோசியுங்கள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே 'நீங்கள் இந்துவா, கிறிஸ்தவரா' என்றுதான் வரும். எஸ்.சி. யார் என்று சொல்லும் 1950 ஆணையில், இந்துக்களோடு சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. புதுச்சேரிப் பெண் ஒருவர் எஸ்.சி. சான்றிதழ் கேட்ட வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளியதும், அவர் கிறிஸ்தவராகவே வாழ்கிறார் என்று சொல்லித்தான். உங்கள் ஆட்களின் பயம் வீண் பயமல்ல. மதச் சுதந்திரத்துக்கு இப்படியொரு விலை வைத்திருப்பது அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் இந்த மனுவில் அதை வாதாட முடியாது.

மைக் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான். அனுமதியில்லாத ஒரு ஸ்பீக்கர் போதும், 300-வது பிரிவில் உள்ள 'சட்டப்படி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு தொங்க.