கல்லாவை மகனுக்குத் திறந்து காட்டுங்கள்

கேள்வி: பெகுவில் 15 ஆண்டுகளாகச் சின்னதாக ஒரு தேநீர்க் கடை நடத்துகிறோம். மகனுக்கு 17 வயது, பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. ரங்கூனில் ஓர் ஓட்டலில், இளைஞர்களுக்குப் பணம், வியாபாரம், வேலை பற்றிக் கற்றுத்தர மூன்று நாள் வகுப்பு நடக்கிறதாம். கட்டணம் 3 லட்சம் கியாட். அவனுக்குத் தெரியாமல் என் வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்றிருக்கிறேன். காசின் அருமை அவனுக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. செட்டியார்கள் கொடிகட்டிப் பறந்த இந்தப் பர்மாவில் நம் பிள்ளைகளுக்கு ஏன் அந்த ரத்தம் ஓடவில்லை?
- ஒரு தாய், பெகு

பதில்: வேண்டாம் அம்மா, அனுப்பாதீர்கள். வளையலைக் கழற்றவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கட்டணம் அல்ல, "அவனுக்குத் தெரியாமல்" என்ற இரண்டு சொல்தான். பணத்தைப் பற்றி மகன் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அவனிடம் மறைக்கிறீர்கள். கடை வாடகை எவ்வளவு, பால் டப்பா போடுகிறவருக்குப் பாக்கி எவ்வளவு, போன மாதம் கையில் மிஞ்சியது என்ன, இதில் ஏதாவது ஒன்று அவனுக்குத் தெரியுமா? தெரியாது என்றால், காசின் அருமை தெரியாதது அவன் குற்றமே இல்லை.

ரத்தம் என்ற பேச்சை முதலில் விட்டுவிடுவோம். இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்த தமிழர்களில் பெரும்பாலோர் செட்டியார்கள் அல்ல. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலையில் உமித்தூசி தின்றவர்கள், ஐராவதிக் கழிமுகத்தில் கதிர் அறுத்தவர்கள். நீங்களும் நானும் அவர்கள் வழி வந்தவர்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். செட்டியார் வீட்டுப் பிள்ளைக்கும் தொழில் ரத்தத்தில் வரவில்லை, பெட்டியடியில் வந்தது. சிறுவயதிலேயே முந்திரி, காணி, மா, அரைக்கால் என்று கீழ்வாய் இலக்க வாய்பாட்டை, அதாவது பின்னக் கணக்கை, ஒப்பிக்க வைத்தார்கள். முந்திரி என்றால் ஒன்றில் 320இல் ஒரு பங்கு. அந்த நுணுக்கம் வரைக்கும் மனக்கணக்கு ஓட வேண்டும். பிறகு வட்டிக்கடையில் கைப்பையனாக எடுபிடி வேலை. அப்புறம் பணப்பெட்டி அருகே உட்காரும் பெட்டியடிப் பையன். அதிலிருந்து அடுத்தாள், மேலாள் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். வசதியுள்ள தகப்பன்கூட மகனைத் தொழில் பழக இன்னொருவர் கடையில் சேர்த்துவிடுவதுண்டு. அங்கே செல்லம் கிடையாது. பேரேடு அவன் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். யாருக்குக் கொடுத்தது வரவில்லை, எந்தத் தவணை தள்ளிப்போயிற்று, முதலாளிக்கு அனுப்பும் ஐந்தொகையில் எங்கே இடிக்கிறது என்று பையன் பார்த்துக்கொண்டே வளர்ந்தான். நாம் நம் வீட்டில் செய்யாதது அந்த ஒன்றுதான்.

அவர்கள் கதையின் மறுபாதியையும் மகனுக்குச் சொல்லுங்கள். அது கொடிகட்டிப் பறந்த கதையைவிட அவனுக்கு உதவும். 1929-30இல் நடந்த வங்கி விசாரணை, பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகச் சொன்னது. கொடுத்த கடனில் பெரும்பங்கு நெல்லை நம்பிக் கொடுத்தது. 1930இல் உலகச் சந்தையோடு நெல் விலையும் விழுந்தது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை, ஈட்டுக்கு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938க்குள் அது 25 ஆகிவிட்டது. அவர்கள் கேட்டது பணம், வந்து சேர்ந்தது விற்க முடியாத வயல், கூடவே நிலம் இழந்த விவசாயியின் கோபம். 1942இல் ஜப்பான் படை வந்தது. விடுதலைக்குப் பிறகு வயல்கள் அரசுடைமை ஆயின. பேரேட்டில் ஓர் எழுத்துக்கூடப் பிழை இருந்திருக்காது. ஆனால் முதல் அத்தனையையும் ஒரே பயிர் மேல் வைத்தார்கள். கடன் வாங்குகிறவன் எப்படிப் பிழைக்கப் போகிறான் என்பது பேரேட்டில் ஏறவே இல்லை. கட்டணம் வாங்குகிற வகுப்புகள் வென்றவன் கதையைத்தான் சொல்லும். தோற்றவன் கணக்கைப் படிக்கிற பிள்ளைக்குத்தான் எங்கே கால் வைக்கக் கூடாது என்று தெரியும்.

நம் வீடுகள் ஏன் வாய் மூடின என்பது எனக்குத் தெரியும். 1964இல் அரசுடைமை என்று கடைகள் பறிபோயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. லட்சக்கணக்கான நம் மக்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். 1985இல் மறுபடியும் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி, 25, 35, 75 கியாட் நோட்டுகள் மாற்றித்தரும் வழியே இல்லாமல் செல்லாதவை ஆயின. எனக்கு அப்போது 12 வயது. அப்பா பரணில் இருந்து ஒரு பால்மாவு டப்பாவை இறக்கித் தரையில் கவிழ்த்தார். ரப்பர் வளையம் போட்ட 75 கியாட் கட்டுகள். அப்படி ஒரு டப்பா இருப்பது அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு இன்றும் ஆறாதது போன பணம் அல்ல. அம்மா மெதுவாகக் கேட்ட கேள்விதான்: "சொல்லியிருந்தா, பாதிக்காவது பொன்னு வாங்கி வச்சிருப்பேனே?" அதற்குப் பிறகாவது அப்பா பேசுவார் என்று நினைத்தேன். இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டார். அவர் காலமான மூன்றாம் வாரம் கடன்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றபோதுதான் எங்கள் வீட்டுக் கடனை நான் தெரிந்துகொண்டேன். பயத்தில் பழகிய மௌனத்தைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதிவைக்கிறோம் அம்மா. அதை உங்கள் வீட்டிலாவது நிறுத்துங்கள்.

என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாளைக் காலை பால் டப்பா ஒன்றை உடைக்கும்போது, அது தீர்வதற்குள் எத்தனை கோப்பை தேநீர் போயிற்று என்று மகனை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் சுவரில் ஒரு கோடு. அடுத்து சர்க்கரை, தேயிலை, கரி. வாடகையையும் வேலைப் பையன்களின் சம்பளத்தையும் ஒரு நாளைக்கு என்று வகுத்துப் போடட்டும். ஒரே வாரத்தில் ஒரு கோப்பையின் அடக்கவிலை வந்துவிடும். 15 ஆண்டுகளாக நடத்தும் உங்களுக்கே அந்த எண் தெரியாமல் இருக்கலாம். அதற்காகக் கூச வேண்டாம், மகனோடு உட்கார்ந்து நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் மாதம் சரக்குக் கொள்முதலை அவன் கையில் கொடுங்கள். ஏமாந்து வருவான். நோட்டில் எழுதச் சொல்லுங்கள், திட்டாதீர்கள். அவன் உழைப்புக்குச் சம்பளமும் கொடுங்கள், சிறிதானாலும் தேதி தவறாமல். வீட்டுப் பிள்ளைதானே என்று சும்மா வேலை வாங்கினால், உழைப்புக்கு விலை உண்டு என்பதை அவன் எங்கே போய்க் கற்பான்?

வளையல் கணக்கையும் அவனே போடட்டும். மாதம் 4 வட்டி என்றால் 3 லட்சத்துக்கு மாதம் 12,000 கியாட். 25 மாதத்தில் வட்டி மட்டுமே 3 லட்சம் ஆகிவிடும், முதல் அப்படியே நிற்கும். இதைத் தன் கையால் எழுதிப் பார்த்த பையன் போனில் வரும் கடன் விளம்பரத்தை வேறு கண்ணோடு பார்ப்பான்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்சிசிஐ என்ற லண்டன் வணிகச் சபைப் பெயரிலான கணக்கியல் முதல் நிலை, ரங்கூனில் பல காலமாக நம் பிள்ளைகளுக்கு வேலை வாங்கித்தந்த படிப்பு. அதில் சேர்க்கலாம், கடை நோட்டு எழுதிப் பழகிய பிறகு. வரவு, பற்று என்று வாத்தியார் சொல்லும்போது அவன் மனதில் உங்கள் கல்லா தெரிய வேண்டும்.

வேலைக்கு வெளிநாடு அனுப்பும் எண்ணமும் உங்களுக்கு இருக்கும். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, 18 வயதை நெருங்கும் மகன் உள்ள எந்தத் தாய்க்கும் தூக்கமில்லை. அந்த அவசரத்தை மோப்பம் பிடித்துத்தான் ஏஜெண்டுகள் வருகிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப்போன தமிழ்நாட்டுப் பட்டதாரிகள், தாய்லாந்து எல்லையில் உள்ள நம் மியாவடிப் பக்கத்து மோசடிக் கூடங்களில் அடைபட்டு 2022இல் மீட்கப்பட்டார்கள். படித்த பிள்ளைகள்தான். சம்பளம் யார் தருவது, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், முன்பணம் எதற்கு என்று கேட்டு எழுதி வாங்கும் பழக்கம் பால் டப்பாக்காரரிடம் பாக்கிச் சீட்டு வாங்கும்போதே வர வேண்டும்.

இன்றிரவு கடை சாத்தியதும் ஒரு புது நோட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் கடைக்கு யார் யாரிடம் கடன் என்பதை நீங்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும். வளையலை அடகு வைக்க நினைத்ததையும் சொல்லிவிடுங்கள்.