ராத்திரி ஒரு மணிக்கும் அணையாத லேப்டாப்

கேள்வி: மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ். ராத்திரி ஒரு மணிக்கும் அவன் அறையில் லேப்டாப் வெளிச்சம் தெரிகிறது. கேட்டால் ‘ப்ராஜெக்ட்மா’ என்கிறான். மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனில் காட்டப் போகிறானாம், அதற்கு ஏதோ குட்டி போர்டு வாங்க ஆறாயிரம் ரூபாய் கேட்கிறான். ஐ.டி. வேலைக்குப் போனாலும் வாழ்க்கை இப்படித்தான் இருக்குமா? தடுப்பதா, விடுவதா?

பதில்: அம்மா, இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வேலையில் சேர்ந்தபின் பொழுது எப்படிப் போகும் என்பது ஒன்று. இப்போது திரை முன்னால் போகிற பொழுதில் எது அந்த வேலைக்கு உதவும், எது வெறும் கண்ணெரிச்சல் என்பது இன்னொன்று. ஆறாயிரத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

வேலை நாள் எப்படி இருக்கும்? தரமணியிலிருந்து சிறுசேரி வரை ஓ.எம்.ஆர். சாலையில் வரிசையாக நிற்கும் அலுவலகங்களில் பெரும்பாலும் காலை பத்து மணி வாக்கில் ‘ஸ்டாண்ட்-அப்’ என்ற பதினைந்து நிமிடக் கூட்டம் நடக்கும். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்யப் போகிறேன், எங்கே சிக்கி நிற்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பெரும்பாலான அணிகளில் வேலையை இரண்டிரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்வார்கள். அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட், அதாவது கணினியில் ஒரு வேலைச்சீட்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு வருகிற டிக்கெட் பெரும்பாலும் வேறு யாரோ ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய கோடில், அதாவது நிரலில், நான்கு வரி திருத்துவதாக இருக்கும். அந்த நான்கு வரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும். திருத்தினால் மூத்தவர் பார்த்துவிட்டு ஆறு குறை சொல்வார். திரும்பத் திருத்த வேண்டும். நாள் முழுக்கப் புதிது புதிதாக எழுதிக்கொண்டே இருக்கலாம் என்ற நினைப்பில் வருகிற பிள்ளைகள் சோர்ந்துபோவது இங்கேதான்.

நேரக் கணக்கை நிர்ணயிப்பது வாடிக்கையாளர் இருக்கும் ஊர். லண்டனில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மதியம் ஒன்றரை; தொந்தரவில்லை. நியூயார்க்கில் காலை ஒன்பது நமக்கு மாலை ஆறரை. கலிபோர்னியாவில் காலை ஒன்பது என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. இதெல்லாம் கோடைக்காலக் கணக்கு. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அமெரிக்காவில் அது நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து மார்ச் வரை நம் ஆட்களின் கூட்டங்கள் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்; இரவு ஒன்பதரைக் கூட்டம் பத்தரைக்குப் போய்விடும். வேலை கிடைத்ததும் சம்பளத்தைக் கேட்கும் பலர் ‘எந்த ஊர் வாடிக்கையாளர், அணியின் கூட்டம் எத்தனை மணிக்கு, ஆன்-கால் உண்டா’ என்று கேட்பதில்லை. ஆன்-கால் என்பது முறை வைத்து ஒரு வாரம் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவது. சர்வர் படுத்துவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து பார்க்க வேண்டும். எல்லாருக்கும் எடுத்த எடுப்பிலேயே இது வராது. ஆனால் சேருமுன் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை.

ஆகவே வேலையில் சேர்ந்தபின் கண்விழிப்பு கொஞ்சம் இருக்கலாம். அதற்கு இப்போதே பழகிக்கொள்கிறேன் என்று பையன் சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். தூக்கம் கெட்ட மூளைக்கு எதிரே இருக்கும் கமா கூடக் கண்ணில் படாது. ராத்திரி மூன்று மணி நேரம் தேடியும் கிடைக்காத பிழை காலையில் பத்து நிமிடத்தில் அகப்படும். இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இரவில் அவன் செய்வது வேலைதானா என்று தெரிந்துகொள்ள உளவு பார்க்க வேண்டாம். காலையில் காபி கொடுக்கும்போது, ‘நேத்து எங்கடா மாட்டிக்கிட்டே?’ என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘லாகின் பண்ணினா வேலை செய்யுது, பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணினா வெளியே தள்ளிடுதும்மா’ என்று குறிப்பாக ஒரு பதில் வந்தால் நிம்மதியாக இருங்கள். ‘ரியாக்ட் படிச்சிட்டிருக்கேன்’ என்ற பதிலே பதினைந்து நாளாக வந்தால், யூடியூபில் பத்து மணி நேர வகுப்பை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வெற்றுக் கோப்பைத் திறந்தால் முதல் வரி வராது. இதற்கு மருந்து எளிது: இருபது நிமிடம் பார், வீடியோவை மூடு, பார்த்ததை நினைவிலிருந்து அடி, ஓடவிடு. எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் பார். ஒரு மணி நேரத்தில் முப்பது வரிதான் வரும். அந்த முப்பது வரி அவனுடையது.

எழுதியதைப் போட்டுவைக்க கிட்ஹப் என்ற தளம் உண்டு, 2008-லிருந்து இருக்கிறது. அதில் ஒவ்வொரு நாள் வேலைக்கும் ஒரு பச்சைக் கட்டம் விழும். பிள்ளைகள் இந்தப் பச்சைக்காக ஒரு காற்புள்ளியை மாற்றி மாற்றிப் பதிவேற்றுகிறார்கள். நேர்காணல் எடுப்பவர் கட்டத்தை எண்ணுவதில்லை. ஏதாவது ஒரு ப்ராஜெக்டைத் திறந்து, அதன் ரீட்மீ கோப்பைப் படிப்பார். இது என்ன செய்கிறது, எந்தப் பதிப்பு வேண்டும், எப்படி ஓடவிடுவது, ஓடும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று. இந்த நான்கும் இருந்து, சொன்னபடி ஓடவும் செய்தால் போதும். முடிந்த ப்ராஜெக்ட் இரண்டு, பாதியில் நிற்கிற இருபதைவிட மேல்.

இதில் ஒரு ஆபத்து, வீட்டுப் பணத்தையே தொடக்கூடியது. இணையம் வழியாகச் சர்வர்களை வாடகைக்குத் தரும் கிளவுட் சேவைகளில் கணக்கு தொடங்க அட்டை எண் கேட்பார்கள். மாணவர்கள் அப்பாவின் அட்டையைக் கொடுப்பார்கள். கடவுச்சொல் மாதிரியான அந்தக் கணக்கின் ரகசியச் சாவி கோடுக்குள்ளேயே இருக்க, அதை அப்படியே பொதுவில் பதிவேற்றிவிடுவார்கள். இப்படிச் சிந்தும் சாவிகளைப் பொறுக்கவென்றே தானியங்கி நிரல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சில நிமிடத்தில் எடுத்து, பெரிய பெரிய சர்வர்களை உங்கள் கணக்கில் ஓடவிட்டுவிடும். பதறிப்போய் அந்தக் கோப்பை அழித்தால் பயனில்லை. கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் என்ற மென்பொருள் பழைய பதிப்பையெல்லாம் வைத்திருக்கும், சாவியும் அங்கேயே இருக்கும். முதலில் கிளவுட் கணக்குக்குள் போய் அந்தச் சாவியை ரத்து செய்ய வேண்டும், பிறகுதான் மற்றது. சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பின் பெயரை, பதிவேற்றாமல் விட வேண்டியவற்றைச் சொல்லும் கிட்இக்னோர் பட்டியலில் முதல் நாளே சேர்த்துவிடுவது நல்லது. கணக்கு தொடங்கிய அன்றே ‘இவ்வளவு ரூபாய் தாண்டினால் மின்னஞ்சல் அனுப்பு’ என்ற எச்சரிக்கையையும் போட்டுவைக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை செலவைத் தானாக நிறுத்தாது; தெரியப்படுத்தும், அவ்வளவுதான்.

இணையத்தில் கேள்வி கேட்கும் பழக்கம் இன்னொன்று. ‘ப்ரோ, கோடு ஓடல, ஹெல்ப்’ என்று போனில் எடுத்த சாய்ந்த படத்தோடு போட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் அடிக்கடி வரும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்ற பிழை. அந்த மாட்யூலை, அதாவது துணை நிரலை, நிறுவிவிட்டேனே, இன்னும் இல்லை என்கிறதே என்று முழிப்பார்கள். பெரும்பாலும் கணினியில் இரண்டு பைத்தான் இருக்கும். நிறுவியது ஒன்றில், ஓடுவது இன்னொன்றில். நல்ல கேள்வியில் இது தானே வெளிப்பட்டுவிடும். பிழைச் செய்தி முழுவதையும் எழுத்தாக ஒட்டு, எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, என்ன கட்டளை கொடுத்தாய், இதுவரை என்னென்ன செய்து பார்த்தாய் என்று எழுது. இப்படி எழுதி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். ஏ.ஐ.யிடம் கேட்பதற்கும் இதே முறைதான். அது தருவதை வரிக்கு வரி விளக்க முடியாவிட்டால் ப்ராஜெக்டில் சேர்க்க வேண்டாம்; நேர்காணலில் அந்த வரியைத்தான் கேட்பார்கள்.

யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய ஓப்பன் சோர்ஸ் நிரல்களில் பங்களிப்பது நல்ல பழக்கம்தான், செய்கிற விதத்தில் செய்தால். எக்ஸ்பிரஸ் என்ற பிரபலமான நிரல்தொகுப்பில் என்ன நடந்தது? பயிற்சி வீடியோ ஒன்றைப் பார்த்த நம் நாட்டு மாணவர்கள் கூட்டம் கூட்டமாக அதன் ரீட்மீ கோப்பில் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பி, அதைப் பராமரிப்பவர்களைத் திணறடித்தார்கள். 2024-இல் இது உலகம் முழுக்கப் பேச்சானது. கல்யாண மொய் நோட்டு மாதிரி பெயர் எழுதிவிட்டு வருவதில் ஒன்றுமில்லை. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு, மாதந்தோறும் கூடும் பைத்தான் குழுவான சென்னைப்பை, கணியம் அறக்கட்டளை போன்ற இடங்களில் தமிழிலேயே பேசலாம், அசட்டுக் கேள்வியும் கேட்கலாம். கல்லூரி ஆங்கிலத்துக்குக் கூச்சப்படும் பையனுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

விளையாட்டு, அனிமே, கடகடவென்று சத்தம் போடும் மெக்கானிக்கல் கீபோர்டு எல்லாம் இந்தக் கூட்டத்தின் பொழுதுபோக்குகள். படிப்பையும் தூக்கத்தையும் தின்னாதவரை விட்டுவிடுங்கள். கழுத்தை மட்டும் கவனியுங்கள். லேப்டாப்பை மடியில் வைத்துக் குனிந்தே உட்கார்ந்தால் வேலைக்குப் போகுமுன்பே கழுத்துவலி வந்துவிடும். நான்கு தடிப் புத்தகத்தை அடுக்கி அதன்மேல் வைத்து, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரச்செய்து, தனி கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொடுத்தால் போதும். திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது விநாடியாவது, இருபது அடி தள்ளி இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போவதாகச் சொன்னால் தைலம் தடவிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மணிக்கட்டில் நரம்பு நெரிபடலாம்.

வேலையில் சேர்ந்தபின் ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கச் சொல்லுங்கள்: அலுவலக லேப்டாப் அலுவலகத்துக்குத்தான். அதில் சொந்த ப்ராஜெக்ட் கூடாது, டோரண்ட் கூடாது, அலுவலகக் கோடை அனுமதியில்லாமல் வெளி ஏ.ஐ. தளத்தில் ஒட்டுவதும் கூடாது. கூடுதல் சம்பாத்தியத்துக்கு ஒளிந்து இன்னொரு வேலை பார்ப்பதும் வேண்டாம். போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாக 2022 செப்டம்பரில் விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜியே சொன்னார். இரண்டு இடத்திலும் பி.எஃப். பிடித்தால் ஒரே யு.ஏ.என். எண்ணில் தெரிந்துவிடும். வேலைக்கு முன்பணம் கேட்பவர்கள், ‘லைக் போட்டால் காசு’ என்று டெலிகிராமில் வருபவர்கள் எல்லாம் மோசடிக்காரர்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

சரி, ஆறாயிரம். அவன் கேட்பது அநேகமாக ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி. தொட்டி அளவு காட்ட அவ்வளவு பெரிய ஆள் தேவையில்லை. ஈ.எஸ்.பி.32 என்ற சின்ன போர்டு சில நூறு ரூபாய்தான், அதிலேயே வைஃபை இருக்கிறது. சென்சார், ஒயர், ஐந்து வோல்ட் சார்ஜர், ஒரு பிளாஸ்டிக் டப்பா எல்லாம் சேர்த்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிக்கலாம். ‘எதுக்குப் பை, எதுக்கு ஈ.எஸ்.பி. வேண்டாம், பட்டியல் எழுதிக் கொடு’ என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை எழுதுவதிலேயே பாதி படிப்பு முடியும்.

அவன் தடுக்கிவிழப்போகிற இடங்களும் தெரிந்தவைதான். முதலில், ஒலி அனுப்பித் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் மலிவான சென்சாரை வாங்குவான். தொட்டிக்குள் ஆவி படிந்து சில நாளிலேயே கன்னாபின்னா எண் காட்டும். நீர்புகாத வகைதான் வேண்டும். ஆனால் அந்த வகைக்கு 20 செ.மீ.க்குக் குறைந்த தூரம் தெரியாது. அதனால் மூடியை ஒட்டித் தண்ணீர் ஏறும்போது, நிறைந்த தொட்டியைக் காலி என்று சொல்லலாம், அதை நம்பினால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நீர் ஏறும் உச்ச மட்டத்துக்கு மேல் 25 செ.மீ. உயரத்தில் சென்சாரைப் பொருத்த வேண்டும். சென்சார் திருப்பி அனுப்புவது 5 வோல்ட், போர்டு தாங்குவது 3.3 வோல்ட், நேராக இணைத்தால் போர்டில் அந்த ஒயர் சேரும் கால் (பின்) போய்விடலாம். நடுவில் ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் மின்தடை இரண்டைப் போட்டு, இரண்டு கிலோ ஓம் தரைப்பக்கம் வருமாறு பிரித்தால் சரியாக 3.3-க்கு இறங்கும். பிறகு வைஃபை பிடிக்கவில்லை என்று ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டுவான்: அந்த போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், வீட்டு ரவுட்டர் 5-இல் மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். இவற்றை அவனே கண்டுபிடிக்க விடுங்கள். ‘நிறைந்த தொட்டியை ஏன் காலி என்றது?’ என்ற கேள்விக்கு நேர்காணலில் ஐந்து நிமிடம் பேசுகிற பையனை யாரும் சும்மா அனுப்பிவிட மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் முன்னதாகவே சொல்லிவையுங்கள். தொட்டி மூடியில் துளை போட்டால் ஒயரைச் சுற்றி சிலிகான் வைத்து இடைவெளியில்லாமல் அடைக்க வேண்டும். டெங்கு கொசுவுக்கு அந்தச் சந்து தாராளம்.