பழைய புல்லட் ஸ்டார்ட் ஆகவில்லையா? இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்

உங்கள் கேள்வி இது: அப்பா ஓட்டிய பழைய புல்லட் 350, காலையில் எவ்வளவு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. மெக்கானிக் “இன்ஜின் வேலை” என்கிறார். செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

இரண்டும் வேண்டாம். குறைந்தபட்சம் இந்த வாரம் வேண்டாம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக முடியவில்லை. எங்கள் வண்டிக்கும் இதே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்.

நீங்கள் சொல்லாவிட்டாலும் நிலைமை ஓரளவு தெரிகிறது. வண்டி பல மாதம் ஷெட்டில் நின்றிருக்கும். பேட்டரி இறங்கியிருக்கும். டேங்கில் பழைய பெட்ரோல் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆசையாக எடுத்து, வியர்க்க வியர்க்க உதைத்துவிட்டு, தெருவே வேடிக்கை பார்த்த கோபத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பீர்கள். அவரும் நாலு உதை உதைத்துப் பார்த்துவிட்டு “கம்ப்ரஷன் இல்ல சார், போர் அடிக்கணும்” என்றிருப்பார். அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கவில்லை, இன்ஜினைப் பிரித்து சிலிண்டரைக் கடைய வேண்டும் என்று அர்த்தம்.

எங்களுடையது 1984 மாடல் ஸ்டாண்டர்டு. பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த வண்டி, 6 வோல்ட் பேட்டரி, வலது காலில் கியர். அப்பாவுக்குப் பிறகு நான்தான் ஓட்டுகிறேன். ஒரு கல்யாணத்துக்குத் துறையூர் போய்விட்டுத் திருச்சிக்குத் திரும்பும்போது வழியில் டீ குடிக்க நிறுத்தினேன். காலையில் ஒரே உதையில் எடுத்த வண்டி, டீக்குப் பிறகு எடுக்கவே இல்லை. நன்றாகச் சூடு ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல எடுத்தது. அடுத்த வாரமும் இதே கதை. ஆறியிருந்தால் எடுக்கும், சூடானால் எடுக்காது. அப்புறம் ஆறியிருந்தாலும் எடுக்கவில்லை.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் மாற்ற வேண்டும் என்று நீளமாக ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் எளிது. டிகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடிக்காமல் கிக்கர் மேல் ஏறி நின்றால் கிக்கர் என் எடையைத் தாங்கி அப்படியே நிற்கிறது. கம்ப்ரஷன் போன இன்ஜினில் கிக்கர் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். இதை அங்கேயே சொன்னேன். “பழைய வண்டி சார், அப்படித்தான்” என்பதுதான் பதில்.

வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு பாலக்கரைப் பக்கம் ஒரு வயதான பாயிடம் போனேன். அப்பா காலத்திலிருந்தே இந்த வண்டியைத் தெரிந்தவர். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. வண்டியை நிழலுக்குத் தள்ளச் சொன்னார், பாயிண்ட் மூடியைக் கழற்றினார், சாவியைப் போட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினார். பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வாயில் பளிச் பளிச்சென்று நெருப்பு தெறித்தது. “தம்பி, இங்க பாருங்க. பிளக்குல அடிக்க வேண்டியது இங்க அடிக்குது. கண்டன்சர் போச்சு. இதுக்கா இன்ஜினைப் பிரிக்கச் சொன்னாங்க?” என்றார்.

கண்டன்சரின் வேலை தெரிந்தால் என் வண்டியின் கதை முழுக்கப் புரியும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடுகிறது. பாயிண்ட் திறந்த நொடியில் அந்தக் கரண்ட் சட்டென்று நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பிப் பிளக்கில் பொறி விழும். திறக்கும்போது இடைவெளியைத் தாண்டப் பார்க்கும் கரண்டைக் கண்டன்சர் வாங்கிக்கொள்கிறது. அது கெட்டால் கரண்ட் சட்டென்று நிற்காமல் பாயிண்டிலேயே தாண்டி எரிகிறது. பிளக்கில் மஞ்சளாக, மெலிசாக ஏதோ ஒன்று வரும், அவ்வளவுதான். சூடானதும் கெட்டுப்போய், ஆறியதும் திரும்பி வருவது கெட்டுவரும் கண்டன்சரின் குணம். பாயிண்டும் கருகிப்போவதால் கடைசியில் ஆறிய வண்டியும் எடுக்காது.

புதுக் கண்டன்சர் ஒன்று, பாயிண்ட் செட் ஒன்று. எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் செலவுகூட ஆகவில்லை. ஆனால் ஒன்று: கடையில் வாங்கிய முதல் கண்டன்சர் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்திருந்தது. பாய் அதையும் போட்டுப் பார்த்து, தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கிவரச் சொன்னார். புது சாமான் என்பதற்காக நல்லது என்று நம்பிவிடாதீர்கள். டூப்ளிகேட் நிறைய ஓடுகிறது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். உங்களுக்கும் கண்டன்சர்தான் என்று நான் சொல்லவில்லை. நேரில் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பழைய புல்லட்டில் ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டர்தான் அது. பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும், திறக்கும்போது நடுவுக்கு வர வேண்டும். சாய்வது, வருவது, சாய்வது என்று ஆடினால் அதுவரை எல்லாம் சரி. முள் அசையவே இல்லை என்றால் கரண்ட் பாயிண்ட் வழியாகப் போகவில்லை: பாயிண்டில் அழுக்கு, அல்லது வயர் விட்டிருக்கிறது, அல்லது எர்த் சரியில்லை. சாய்ந்த முள் திரும்பி வரவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. பார்த்து முடித்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடி விட்டால் பேட்டரியும் காலி, காயிலும் சூடு.

பல மாதம் நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் ஒரு மெல்லிய படலம் படியும், கண்ணுக்குக்கூடத் தெரியாது. பெட்ரோலில் நனைத்த கெட்டி அட்டைத் துண்டை இடையில் வைத்து இழுத்தாலே போய்விடும். முரட்டு எமரித் தாள் வேண்டாம். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல். இதைப் பற்றி எழுதினால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். எத்தனால் கலப்பு நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. கரும்பு விவசாயிக்குப் பணம் வருகிறது என்றால் சந்தோஷம். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது வேதியியல். 2022-ல் நாடு 10 சதவீதக் கலப்பை எட்டியது, 2023-ல் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது, இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்கில் அதுதான் கிடைக்கிறது. 1980-களின் ரப்பர் ட்யூபும் வாஷரும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நிற்கும் வண்டியில் ஈரம் சேர்ந்து, தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கார்பரேட்டர் கிண்ணத்துக்கு முதலில் இறங்குவது அதுதான். ஆகவே பழைய பெட்ரோல் முழுவதையும் இறக்குங்கள். கிண்ணத்தைக் கழற்றித் துடையுங்கள். பைலட் ஜெட்டை (ஸ்டார்ட் ஆகும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளை) கழற்றிக் காற்று அடியுங்கள், கம்பி விட்டுக் குத்த வேண்டாம். குளிரில் ஸ்டார்ட் ஆவது முழுக்க அந்தச் சின்ன ஓட்டையை நம்பித்தான்.

உதைக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். இந்தக் கார்பரேட்டரில் முறுக்கினால் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் பம்பு கிடையாது. முறுக்கினால் காற்றுதான் அதிகம் போகும், பைலட் ஜெட்டிலிருந்து இழுக்கும் வேகம் குறையும். சோக் போட்டு, சாவி போடாமல் டிகம்ப்ரஸரைப் பிடித்தபடி சில முறை அமுக்குங்கள். பிறகு சாவி போட்டு, கிக்கர் கெட்டியாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, டிகம்ப்ரஸரைப் பிடித்து, மெதுவாக அமுக்கி, ஆம்பியர் முள் நடுவுக்கு வந்ததும் இன்னும் ஒரு துளி தள்ளி, டிகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே முழு உதை. 70 மி.மீ. போர் (சிலிண்டர் அகலம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போகும் தூரம்), கனமான ஃப்ளைவீல். அதற்கு வேகமான பத்து உதை தேவையில்லை, நிதானமான ஒரு முழுச் சுற்று போதும். பாதி உதை உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். முழு உதைக்கும் திருப்பி அடித்தால் டைமிங் முன்னால் இருக்கிறது, அதாவது பொறி சீக்கிரமே விழுகிறது. அதைச் சரிசெய்யாமல் மறுபடி உதைக்காதீர்கள்.

கம்ப்ரஷன் உண்மையிலேயே குறைவாக இருந்தாலும் உடனே போர் அடிக்க ஓடாதீர்கள். டிகம்ப்ரஸர் கேபிள் இழுவையாக இருந்தால் அந்த வழியாகவே காற்று கசியும், கொஞ்சம் லூஸ் கொடுத்துப் பாருங்கள். டேப்பெட் மூடியைத் திறந்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் உச்சியில் (பிஸ்டன் மேலே, இரண்டு வால்வும் மூடிய நிலை) வால்வைத் தள்ளும் கம்பிகளான புஷ்ராடுகளை விரலால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடவில்லை. இந்த இரண்டும் சில நிமிட வேலை. இவற்றைப் பார்க்காமல் போர் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று சிலர் சொல்வார்கள். போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் பாயிண்ட் என்றால் ராத்திரியில் ரோட்டோரத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு சரிசெய்து வீட்டுக்கு வரலாம், கிட் செத்தால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

விற்பது பற்றி. டெல்லியில் 15 வருடப் பெட்ரோல் வண்டிக்குத் தடை என்ற செய்தியைப் பார்த்து பயந்திருந்தால், அந்த விதி தலைநகர்ப் பகுதிக்கு. இங்கே ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டலாம். புதுப்பிக்கும் கட்டணம்தான் வயிற்றெரிச்சல். பைக்குக்கு 300 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 1,000 ஆனது, 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் 2,000 என்று அறிவித்தார்கள். வருஷத்துக்கு சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி என்ன புகை விட்டுவிடப் போகிறது? ஆர்.சி.யை அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றப் போன ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 31, வாரிசுச் சான்று, அம்மாவின் கையெழுத்து எல்லாம் கொடுத்த பிறகும், சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாள் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதே வாசலில் ஒரு புரோக்கர் “இந்தப் பழசுக்கு ஏன் சார் இவ்வளவு அலைச்சல், நான் எடுத்துக்கறேன்” என்றார். அப்பாவின் வண்டியை அப்படிக் கேட்டது இன்னும் ஆறவில்லை. உங்கள் வண்டியும் அப்பா பெயரிலேயே இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், தாமதமானால் இன்னும் அலைவீர்கள்.

ஆம்பியர் முள் என்ன செய்கிறது, பல முறை உதைத்த பிறகு கழற்றிய பிளக் ஈரமாக இருக்கிறதா காய்ந்திருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்துக் கீழே எழுதுங்கள். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, ஈரமாக இருந்தால் பொறியைத்தான் தேட வேண்டும். மாடல் வருடத்தையும் சொல்லுங்கள். பின்னால் வந்த எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டி என்றால் பாயிண்ட் பற்றி நான் எழுதியது பொருந்தாது, வேறு வழியில் தேட வேண்டும்.