காரில் கை வைக்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (மதுரை வாசகர்): தினமும் வேலைக்கு ஓட்டும் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார். சேனலுக்கு 75 வாட் ஆர்.எம்.எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) தரும் நான்கு சேனல் ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபயர்) 10 அங்குல சப்-ஊஃபரும் (பாஸ் ஸ்பீக்கர்) வாங்கிவிட்டேன். கடையில் ‘8 கேஜ், 1500 வாட்’ என்று அச்சிட்ட ஒயரிங் கிட் கொடுத்தார்கள். அது போதுமா? ஒயரை நானே இழுக்கலாமா?

பதில்: தாராளமாக நீங்களே இழுக்கலாம், அந்தக் கிட்டை வைத்து மட்டும் வேண்டாம். பெட்டியில் அச்சிட்ட வாட்டை விட்டுவிட்டு ஆம்பியர் கணக்குப் போடுங்கள். முன்கதவு ஸ்பீக்கர் இரண்டுக்கும் சேர்த்து 150 வாட். பின் சேனல் இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே சேனலாகச் சேர்த்து, சப்புக்கு 200 வாட். ஆக 350. ஏ.பி வகை ஆம்ப் இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடாகிவிடும். என்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் என்று வைத்து, 350ஐ முதலில் 0.6ஆலும் பிறகு 13.8ஆலும் வகுத்தால் 42 ஆம்பியர் வருகிறது. பாட்டு முழுக்க இவ்வளவு ஓடாது. ஆனால் டிரம் அடி விழும் நொடியில் இதைத்தான் ஒயர் தாங்க வேண்டும்.

பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஒயர் சுமார் 5 மீட்டர். கேஜ் எண் குறையக் குறைய ஒயரின் தடிமன் கூடும். சுத்தமான செம்பில் 8 கேஜ் என்றால் 42 ஆம்பியருக்கு 0.43 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 கேஜ் என்றால் 0.17 வோல்ட்தான். மலிவு கிட்டில் வருவது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான தடை, அதனால் இழப்பு 0.65 வோல்ட்டைத் தாண்டும். போதாக்குறைக்கு உறை தடிமனாகவும் உள்ளே இழை குறைவாகவும் இருக்கும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். (வெள்ளீயம் பூசிய செம்பு இதற்கு நேர் எதிர்: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அது நல்ல ஒயர்.) உங்களுக்குத் தேவை 21 சதுர மி.மீ செம்பு, அதாவது 4 கேஜ். பவருக்கு 5 மீட்டர், எர்த்துக்கு அரை மீட்டர்.

ஃபியூஸ் வைக்க வேண்டிய இடம் பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து 45 செ.மீ.க்குள். 60 ஆம்பியர் மினி ஏ.என்.எல் வகை ஃபியூஸ் போதும். இது ஆம்ப்பைக் காப்பாற்றுவதற்கு அல்ல, ஆம்ப்புக்குத் தனி ஃபியூஸ் உண்டு. வழியில் எங்காவது ஒயர் உராய்ந்து பாடியில் தொட்டால், பேட்டரியின் முழு மின்சாரமும் அந்த ஒயரில் பாய்ந்து கார்ப்பெட் தீப்பிடிக்கும். அதைத் தடுப்பது இந்த ஒரு ஃபியூஸ்தான். டிக்கியில், ஆம்ப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்துத் தருபவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

வேலையைத் தொடங்கும்போது முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். கேபினில் மஞ்சள் கப்ளர் எதைக் கண்டாலும் தொடாதீர்கள், அது ஏர்பேக் அல்லது சீட்பெல்ட் பிரிடென்ஷனர் இணைப்பு. டெஸ்ட் லாம்ப் வைத்துக் குத்திப் பார்க்கவே கூடாது. ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகரத் தடுப்பு) கம்பெனி ஒயர்க்கட்டு நுழையும் ரப்பர் குரோமெட்டில் (துளையின் விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் வளையம்) ஓரமாக ஓட்டை போட்டு ஒயரைக் கொண்டுவரலாம். தகரத்தில் புதிதாகத் துளையிட்டால் அங்கேயும் ரப்பர் குரோமெட் கட்டாயம். என்ஜின் பகுதி முழுக்க ஒயரை நெளி டியூபுக்குள் விடுங்கள். கதவுப் படிக்குக் கீழே ஒரு பக்கம் பவர் ஒயர், எதிர்ப்பக்கம் ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டுச் சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ கேபிள். கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ அவுட் இல்லையென்றால், ஸ்பீக்கர் ஒயரையே நேரடியாக வாங்கும் ஹை-லெவல் இன்புட் உங்கள் ஆம்ப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சிக்னலை ஆர்.சி.ஏ சிக்னலாக மாற்றும் லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். எதுவானாலும் அந்த மாடலுக்கென்று விற்கும் கப்ளர் செட் வாங்கிச் செருகுங்கள். ஒயரை வெட்டி டேப் சுற்றினால் வாரன்டி கேட்கப் போகும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆம்ப்பை இயக்கி அணைக்கும் ரிமோட் ஒயரைச் சாவியோடு அணையும் இடத்தில் கொடுங்கள். எப்போதும் 12 வோல்ட் இருக்கும் ஒயரில் கொடுத்துவிட்டால் ஆம்ப் அணையவே அணையாது, நின்ற இடத்திலேயே பேட்டரி இறங்கிவிடும். வேலை முடிந்ததும் பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். பாலிசியில் ஏறாத ஆம்ப்புக்கு இழப்பீடு கிடைக்காது.

கேள்வி (கோவை வாசகர்): ஆம்ப் போட்ட பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ங்ஙீ…’ என்று ஓர் இரைச்சல் ஏறுகிறது. ஃபில்டர் வாங்கிப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆர்.பி.எம் ஏற ஏற இரைச்சலும் ஏறினால் அது ஆல்டர்னேட்டர் சத்தம். ஃபில்டர் அதை மூடி மறைக்கும், காரணம் அப்படியே இருக்கும். பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு.

என்ஜினை ஓடவிட்டு, ஆம்ப்பின் ஆர்.சி.ஏ இரண்டையும் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் அது சிக்னல் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் ஆம்ப்பின் பவர் அல்லது எர்த் வழியாக வருகிறது. அடுத்து மல்டிமீட்டரை டி.சி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்ப்பின் எர்த் முனையிலும் மற்றதைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பாட்டைச் சத்தமாக வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை என்று முடிவு செய்துவிடலாம்.

சீட் போல்ட்டிலோ டிரிம் ஸ்குருவிலோ எர்த் கொடுத்திருந்தால் அதை அவிழ்த்துவிடுங்கள். சீட்பெல்ட் போல்ட்டை எர்த்துக்குத் தொடவே கூடாது. டிக்கியில் பாடித் தகரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, தகரம் பளபளவென்று தெரியும் இடத்தில் கிரிம்ப் செய்த ரிங் லக்கை எம்8 போல்ட், ஸ்டார் வாஷரோடு இறுக்குங்கள். துளை போடுமுன் வண்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள், பெட்ரோல் டேங்கும் பிரேக் பைப்பும் அந்தப் பக்கம்தான் போகின்றன. இறுக்கிய பிறகு மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள். கடற்கரை ஊர்களில் சுரண்டிய இடத்தை அப்படியே விட்டால் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து அதே இரைச்சல் திரும்பி வரும்.

எர்த் சரியாக இருந்தும் இரைச்சல் சிக்னல் வழியாக வந்தால், ஸ்டீரியோவின் எர்த்தையும் இதேபோல் சோதியுங்கள். ஆர்.சி.ஏ கேபிள் பவர் ஒயரோடு ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள். ஆம்ப்பின் கெயினை (உள்ளே வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் குமிழ்) அளவுக்கு மேல் திருப்பி வைத்திருந்தாலும் சின்ன இரைச்சல் பெரிதாகக் கேட்கும். கெயின் வைக்கும் முறை அடுத்த பதிலில்.

கேள்வி (திருச்சி வாசகர்): 50 வாட் ஆர்.எம்.எஸ் கம்போனன்ட் ஸ்பீக்கரில் (ட்வீட்டர் தனியாக வரும் செட்) உயர் சுரம் தரும் ட்வீட்டர் இரண்டு முறை கருகிவிட்டது. ஆம்ப் 75 வாட். ஆம்ப்பின் பவர் அதிகம் என்பதாலா?

பதில்: பவர் அல்ல, கெயின் குமிழ்தான் பெரும்பாலும் காரணம். அதைச் சத்தம் கூட்டும் குமிழாக நினைத்து முழுக்கத் திருப்பினால், ஆம்ப் தன்னால் தர முடிந்த வோல்ட்டுக்கு மேல் போகப் பார்த்து அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அலையில் உயர் சுரங்கள் பெருகி, அவை எல்லாம் ட்வீட்டருக்கே போகும். தலைமுடி போன்ற அதன் கம்பிச்சுருள் அந்தச் சூட்டைத் தாங்காது.

ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். ஸ்டீரியோவில் பாஸ், ட்ரிபிள், லவுட்னஸ் எல்லாம் பூஜ்ஜியம். ஆம்ப்பில் பாஸ் பூஸ்ட் அணைந்திருக்கட்டும், ஃபில்டரும் அணைந்திருக்கட்டும். 0 டெசிபலில் பதிந்த 1000 ஹெர்ட்ஸ் டோனை யு.எஸ்.பி-யில் போட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் வையுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்துகொண்டே கெயினை மெல்லத் திருப்புங்கள். எங்கே நிறுத்துவது? வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 50 வாட், 4 ஓம் என்றால் 200, அதன் வர்க்கமூலம் 14.1 வோல்ட். அங்கே நிறுத்தவும். சப்புக்கு 200 வாட், 4 ஓம் என்றால் 28.3 வோல்ட், டோன் மட்டும் 50 ஹெர்ட்ஸ். சாதாரண மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டலாம். சந்தேகம் வந்தால் கதவு சேனலுக்கு 400 ஹெர்ட்ஸ் டோனே போதும்.

பிறகு ஆம்ப்பின் ஃபில்டரில் கதவு ஸ்பீக்கருக்கு ஹை-பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்கு மேலான சுரங்களை மட்டும் விடும்), சப்புக்கு லோ-பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்குக் கீழானவற்றை மட்டும் விடும்). கதவு ஸ்பீக்கரை ஆழமான பாஸ் சுமையிலிருந்து விடுவித்தாலே பாதிக் கரகரப்பு போய்விடும். மீதிப் பாதி கதவில் இருக்கிறது. வெளித்தகரத்தின் உள்பக்கத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, 2 மி.மீ பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு ஒட்டி ரோலரால் அழுத்துங்கள். முழுக்க ஒட்டினால் கதவுக்கு எடைதான் கூடும். கூரை ஒழுக்குக்கு விற்கும் தார் ஷீட்டை ஒட்டாதீர்கள், சித்திரை வெயிலில் உருகி ஜன்னல் கண்ணாடிச் சேனலில் இறங்கும். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மூடிவிட்டால் மழைநீர் தேங்கிக் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கேள்வி (சேலம் வாசகர்): போலோ ஜி.டி டி.எஸ்.ஐ, 1.2 லிட்டர், டி.எஸ்.ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ். ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்யலாமா? நண்பர் தன் ஸ்விஃப்ட்டில் கோன் ஃபில்டரும் சைலன்ஸரும் மாற்றிப் பவர் கூடியதாகச் சொல்கிறார்.

பதில்: நண்பருக்குக் கூடியது சத்தம். டர்போ இல்லாத 1.2 என்ஜினில் கம்பெனி ஏர்பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது. திறந்த கோன் ஃபில்டர் போனட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை எடுக்கும். காற்று 35 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போனால் அதன் அடர்த்தி 6 சதவீதம் குறையும். நெரிசலில் வண்டி இன்னும் மந்தமாகத்தான் போகும். சைலன்ஸரோடு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டால் செக் என்ஜின் விளக்கு எரியும். அது சட்டப்படியும் குற்றம்: புகை, இரைச்சல் விதிமீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு.

உங்கள் வண்டி விஷயம் வேறு. கம்பெனி கணக்கில் 105 பி.எஸ், 175 நியூட்டன் மீட்டர். டர்போ என்பதால் ரீமேப்பில் நிஜமாகவே டார்க் (சுழற்றும் விசை) கூடும். கூடிய டார்க் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். உங்கள் டி.க்யூ 200 கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் வகை, அதன் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்பவரிடம் உச்ச டார்க் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், 2000 ஆர்.பி.எம்-க்குக் கீழே எவ்வளவு என்று கேளுங்கள். அங்கேதான் கிளட்ச் தேய்வதும், எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜினில் நேரம் தவறிய வெடிப்பு பிஸ்டனை உடைப்பதும் நடக்கும். அந்த இடத்தில் டார்க்கை மெதுவாக ஏற்றும் மேப்பே தினசரி வண்டிக்கு ஏற்றது.

மேப் எந்த ஆக்டேனுக்கு (பெட்ரோல் நாக்கிங்கை, அதாவது நேரம் தவறிய வெடிப்பைத் தாங்கும் அளவு) எழுதியது என்பதும் முக்கியம். 95-க்கு எழுதிய மேப்பில் 91 ஊற்றினால் நாக்கிங் வரும், கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், காசு கொடுத்து வாங்கிய பவர் அதோடு போய்விடும். வெளியூரில் அந்த ஆக்டேன் கிடைக்காத பாதையில் அடிக்கடி போகிறவர் குறைந்த ஆக்டேனுக்கு எழுதிய மேப்பையே கேட்டு வாங்குங்கள். ரீமேப்புக்கு முன் புது ஸ்பார்க் பிளக், புது ஆயில், இக்னிஷன் காயில் சோதனை, கிளட்ச் அடாப்டேஷன் அளவு (கிளட்ச் தேய்மானத்தைக் காட்டுவது), நாக் ரிடார்ட் பதிவு (நாக்கிங்குக்காகக் கம்ப்யூட்டர் டைமிங்கை இழுத்த கணக்கு) இவையெல்லாம் கையில் இருக்கட்டும். பழைய மேப் ஃபைலின் நகலையும் வாங்கி வையுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து மாறுபடும் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. 182ஏ(4) பிரிவில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): ஸ்விஃப்ட்டில் 165/80 ஆர்14 டயர் இருக்கிறது. 195/55 ஆர்16 அலாய் போடலாமா?

பதில்: விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பழையது 619.6 மி.மீ, புதியது 620.9. ஸ்பீடோமீட்டர் மாறாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 132 மி.மீ-யிலிருந்து 107 ஆகிவிடும். பள்ளத்தில் விழும்போது அந்த 25 மி.மீ ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அடியை இனி ரிம்மும் சஸ்பென்ஷனும் வாங்கும். உங்கள் பாதைக்கு நான் சொல்வது 185/65 ஆர்15. விட்டம் 621.5, பக்கச்சுவர் 120 மி.மீ. அதே காரின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே போடுவது அதுதான். ரிம் வாங்கும்போது நான்கு துளை, 100 மி.மீ பி.சி.டி (துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), எம்12×1.25 நட் என்று கேளுங்கள். ஹப்பின் விட்டம் 54.1 மி.மீ. கடை ரிம்மின் நடுத்துளை அதைவிடப் பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாவிட்டால் 80 கி.மீ வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்ஸிங் செய்தாலும் போகாது. அலாய்க்கான டேப்பர் நட் தனி, ஸ்டீல் ரிம்மின் பழைய நட்டையே போடலாமா என்பதை ரிம்மில் நட் உட்காரும் பரப்பின் கோணம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓட்டி 100 கி.மீ ஆனதும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை இறுக்குங்கள்.

கேள்வி (வேலூர் வாசகர்): ஹெட்லைட் மங்கல். 100/90 வாட் பல்ப் போடலாமா?

பதில்: கூடாது. 60 வாட் பல்ப் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் பல்ப் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி ஒயரும் சுவிட்சும் அதற்குச் செய்தவை அல்ல. பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், எதிரே வருபவர் கண்ணும் கூசும். அந்த வாட் சட்டப்படியும் செல்லாது.

கம்பெனியின் 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்பையே வைத்துக்கொண்டு, எரியும்போது பல்பின் முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.5 இருந்து பல்பில் 12 மட்டும் வந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒயரிலேயே போகிறது. செராமிக் ஹோல்டரோடு வரும் ரிலே ஒயரிங் செட்டைப் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எடுங்கள். பழைய கப்ளர் ரிலேவை இயக்கும் வேலையை மட்டும் செய்யும். கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் 1000, 2000, 3000 என்ற வரிசையில் நீர் உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, யு.வி கோட்டிங் கொடுங்கள். கோட்டிங்கை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாகும். கடைசியாக, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, லோ பீமின் வெட்டுக்கோடு விளக்கின் நடு உயரத்துக்கு 5 செ.மீ கீழே விழும்படி அட்ஜஸ்ட் செய்யுங்கள். ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், டேஷ்போர்டில் இருக்கும் உயரக் குமிழ் 0-வில் இருக்க வேண்டும்.