கடலோர வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்புமுன்

கேள்வி: நாங்கள் மூன்று குடும்பம், மொத்தம் 11 பேர். பெரியவர்கள் 7, பிள்ளைகள் 4. பெரியவனுக்கு 11 வயது, கடைக்குட்டிக்கு 3. மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை ஈ.சி.ஆரில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். நீச்சல் குளம், 'பிரைவேட் பீச்' எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். பாதிப் பணத்தை உடனே அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா? சமையலை நாங்களே பார்த்துக்கொள்ள முடியுமா?
- வாசகி, திருச்சி

பதில்: பணத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால், முதலில் தேதியை மாற்றுங்கள். டிசம்பர் 31 இரவு ஈ.சி.ஆர் முழுக்க போலீஸ் தடுப்பும் பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் சத்தமுமாக இருக்கும். வாடகையும் அன்றுதான் உச்சத்தில் நிற்கும். அதே அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போய் 28, 29-க்குள் திரும்பினால் பாதித் தொல்லை குறையும். பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட முடியும் என்றால் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை எந்த வார நாளும் அதைவிட நல்லது. வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் வெளுத்திருக்கும், வெயிலும் கடுக்காது. டிசம்பரை இந்தக் கரையில் நம்ப முடியாது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. டிசம்பரிலேயே போவதானால், 'வானிலை மையம் ஆரஞ்சு அல்லது ரெட் அலர்ட் விடுத்தால் பணம் திரும்ப வரும், அல்லது தேதி மாற்றித் தரப்படும்' என்று வீட்டுக்காரரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

'மூன்று நாள்' என்ற பேச்சையும் நம்பாதீர்கள். முதல் நாள் மதியம் 1 மணிக்குச் சாவி வாங்கி மூன்றாம் நாள் காலை 11 மணிக்கு ஒப்படைத்தால் கையில் இருப்பது 46 மணி நேரம். திருச்சியிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். சென்னைக்குள் நுழையாமல் செங்கல்பட்டில் திரும்பி திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்துவிடுங்கள். விடிகாலையில் கிளம்பினால் சாவி வாங்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

'பிரைவேட் பீச்' என்று ஒன்று கிடையாது. அலை ஏறி இறங்கும் மணல் அரசு நிலம், யார் வேண்டுமானாலும் நடக்கலாம். வீட்டுக்காரர் சொல்ல வருவது, பின்பக்க கேட்டைத் திறந்தால் மணல் என்பதைத்தான். அதுகூட உண்மையா என்று பாருங்கள். இருப்பிடத்தை வாங்கி, கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, கேட்டிலிருந்து அலை வரை தூரம் அளந்துவிடுங்கள். சாலைக்கு மேற்கே இருக்கும் வீடுகளும் 'பீச் ஹவுஸ்' என்றுதான் விளம்பரத்தில் வரும். காய்ந்த மணலில் 150 மீட்டர் என்பது முழங்கால் வலிக்காரருக்குத் தார்ச்சாலையில் அரை கிலோமீட்டருக்குச் சமம். நடுவில் மீனவர் குப்பம் இருந்தால் அது அவர்கள் வேலை செய்யும் இடம். காயப் போட்ட வலையை மிதிக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீடியோ காலில் வரச் சொல்லி, வாசல் கேட்டில் தொடங்கி நிறுத்தாமல் நடக்கச் சொல்லுங்கள்: எத்தனை படி, கீழ்த்தளத்தில் படுக்கையறை இருக்கிறதா, அதை ஒட்டியே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா. அங்கேயே ஷவரைத் திறக்கச் சொல்லுங்கள், பிளஷ்ஷை அழுத்தச் சொல்லுங்கள். இல்லாத வீட்டுக்கு முன்பணம் வாங்கும் ஆசாமி இந்த இடத்தில்தான் 'சிக்னல் சரியில்லை' என்பார்.

இந்த வீடுகளில் விடுமுறையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 11 பேருக்குக் கிட்டத்தட்ட 1,500 லிட்டர். மணலோடு வந்து வந்து குளிப்பதால் 2,000 என்றே வையுங்கள். மாடியில் 1,000 லிட்டர் டேங்க் ஒன்றுதான் என்றால் காலை ஒன்பது மணிக்குக் கடைசி ஆள் சோப்போடு நிற்க வேண்டியிருக்கும். தரைக்கடியில் இருக்கும் தொட்டி (சம்ப்) எத்தனை லிட்டர், மோட்டாரை யார் போடுவது, லாரித் தண்ணீரா போர் தண்ணீரா என்று கேளுங்கள். கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் ஒரு நாளைக்கு மூன்று தேவைப்படும்.

அடுத்து மின்சாரம். இன்வெர்ட்டர் இருக்கிறது என்பார்கள், அதில் ஏ.சி. ஓடாது. ஜெனரேட்டர் உண்டா, டீசல் யார் செலவு என்று கேட்டுவிடுங்கள். உப்புக்காற்று எல்லா இணைப்பையும் அரித்துவிடும். அதனால் போய் இறங்கியதும் மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். டப்பென்று கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால், கசிவு வந்தாலும் அது வெட்டாது. அப்படியானால் குளத்து விளக்கையும் தோட்டத்து விளக்கையும் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி கடல். இந்தக் கரை பார்ப்பதற்குத்தான், குளிப்பதற்கு அல்ல. மணல் சரிவு செங்குத்தாக இறங்கும், அலை கரையோரத்திலேயே வந்து மடியும். முழங்கால் ஆழத்தில் நிற்பவர் இன்னோர் அடி வைத்தால் மார்பு வரை போய்விடுவார். வந்த அலை திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும். அங்கே அலை மடியாது, நீர் கருத்து அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் 'இங்கேதான் அலை இல்லை' என்று நேராக அதில்தான் இறங்குவார்கள். அந்த இழுப்பு நல்ல நீச்சல்காரரையும் உள்ளே கொண்டுபோகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும், முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கல் கொட்டிய தூண்டில் வளைவுகளை ஒட்டியும் இப்படித்தான், அந்தப் பக்கமே போகாதீர்கள். பிள்ளைகளுக்குக் கணுக்கால் அளவு போதும், அதுவும் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு. குளித்தே தீருவேன் என்பவர்கள் கோவளம் கடற்கரைக்குப் போகட்டும். தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்று பெற்றது, உயிர்காப்பாளர்களும் குறித்துவைத்த குளியல் பகுதியும் உண்டு. 108-ஓடு கடலோரக் காவல் எண் 1093-ஐயும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

கடலைவிட எனக்குக் கவலை அந்த நீச்சல் குளம்தான். பண்ணை வீட்டுக் குளங்களில் குழந்தைகளுக்கென்று ஆழம் குறைந்த பகுதி இல்லாமல் ஒரே சீராக நாலரை அடி இருப்பதுண்டு. சுற்றிலும் வேலி இருக்காது, ஹால் கதவைத் திறந்தால் குளம். உங்கள் மூன்று வயதுக்காரர் எட்டாத உயரத்தில் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று வீடியோவிலேயே பாருங்கள். இல்லாவிட்டால் வேறு வீடு தேடுங்கள், இதில் சமாதானம் வேண்டாம். குழந்தை மூழ்கும்போது சத்தம் வராது. 'எல்லாரும்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்' என்னும் இடத்தில்தான் அது நடக்கிறது. ஆகவே அரை மணிக்கு ஒருவர் என்று முறை போட்டு, முறைக்காரர் போனை உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காரட்டும். ஆழமான பக்கத்தில் அடித்தரையின் வடிகால் மூடி தெளிவாகத் தெரியாத தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம்.

பணத்துக்கு வருகிறேன். நாலில் ஒரு பங்கு முன்பணம், மீதி வீட்டைப் பார்த்தபின் என்று பேசிப் பாருங்கள். கணக்கின் பெயரும் பேசுபவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொன்ன தொகையா என்று கேளுங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் வரி 18 சதவீதம், 20,000 ரூபாய் வாடகைக்கு 3,600 ரூபாய் கூடும். டெபாசிட் வாங்குவார்கள், அதனால் உள்ளே நுழைந்ததும் உடைசல், கறை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். திரும்பத் தரும்போது 'யூ.பி.ஐ. பின் போடுங்கள், பணம் வரும்' என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்க பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.

சமையலை முழுவதும் நீங்களே செய்யாதீர்கள், ஒரு வேளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டு 5 லிட்டர் குக்கரில் முக்கால் கிலோ அரிசிக்கு மேல் போட்டால் பொங்கி வழியும், உங்களுக்கோ ஒன்றேகால் கிலோவாவது வேண்டும். பெரிய குக்கர், ஒரு நல்ல கத்தி, லைட்டர், பாத்திரம் தேய்க்கும் நார் இவற்றை எடுத்துப் போங்கள். சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள், பாதி நேரம் அது காலியாகும் நிலையில்தான் இருக்கும். மீன் வேண்டுமானால் காலையில் கோவளம் கரைக்குப் போய் படகில் வந்ததை வாங்கலாம். முழு மீனாகச் சங்கரா வாங்கினால் தலை, குடல், செதில் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழியும். 11 பேருக்கு மூன்றரை கிலோ போதும். கண் பளிச்சென்று, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும். அங்கேயே சுத்தம் செய்து வாங்கிவிடுங்கள், வீட்டு சிங்க்கில் செதில் அடைத்தால் டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

வெளியே சுற்ற ஒரு அரை நாள் போதும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட், வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். முதலைப் பண்ணைக்குத் திங்களன்றும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாயன்றும் விடுமுறை. மாமியாருக்குச் சாளுவன்குப்பம் புலிக்குகை ஒத்துவரும், தரைமட்டமான தோட்டம், நிழலும் உண்டு. ஜனவரிக்குப் பிறகு போனால் இரவில் கடல் பக்க விளக்கை அணைத்துவிடுங்கள். அது பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம், வெளிச்சம் அவற்றைத் திருப்பிவிடும்.

சூரிய உதயம் அந்த மாதங்களில் ஆறரை மணியளவில். மாமியாரையும் மணலில் உட்கார வைத்துக் காட்ட நினைப்பீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியை அப்படியே போட்டால் பின்னங்கால் இரண்டும் புதைந்து ஆளையே சாய்த்துவிடும். கைப்பிடி வைத்த நாற்காலிக்கு அடியில் போட இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை ஒன்றைக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள்.