அத்தையைக் கேளுங்கள்: காவடி விரதமும் காய்ந்த ஊரித்தும்

கேள்வி: அத்தை, நான் மாயேபூர்ப் பெண். ரெதுயியில் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. இந்த மாதம்தான் ரோஸ் ஹில்லில் ஒரு மாடி வீட்டுக்கு மாறினேன். நாங்கள் நான்கு பெண்கள். ஒருத்தி ரொட்ரிகஸ் தீவுக்காரி. ஊரிலிருந்து வந்த காய்ந்த ஊரித்தை (ஆக்டோபஸ்) என் குக்கரில் வேகவைக்கிறாள். நான் கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுக்கிறேன். பிப்ரவரி 1 வரை வீட்டில் மீன், இறைச்சி கூடாது என்று சொல்லலாமா? இன்னொருத்தி துணி காயவைக்கும் மெஷினைத் தினமும் ஓட்டுகிறாள், சிஇபி (மின்வாரியம்) பில் வந்தால் நாலாகப் பிரி என்கிறாள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறாள். அவள் சாப்பிட்ட தட்டு மூன்று நாள் தொட்டியில் கிடக்கிறது. நான்தான் கழுவுகிறேன். வந்த உடனே சண்டைக்காரி என்று பெயர் வாங்கவும் பிடிக்கவில்லை.

பதில்: சொல்லலாமா என்றால், சொல்லலாம். நடக்காது. நம் வீடுகளில் ஒருவர் காவடி எடுத்தால் வீடே சைவத்துக்கு மாறிவிடும். பாத்திரம் மாறும், அம்மா அடுப்பைக் கழுவிவிடுவாள், யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் நீ கேட்கிறாய். ஆனால் அந்த அடுப்படிக்கு நாலு பேர் வாடகை கொடுக்கிறீர்கள், வேண்டுதல் உன் ஒருத்தியுடையது.

குக்கர் வேறு விஷயம். அது உன் பொருள், தர முடியாது என்று சொல்ல விரதம்கூட வேண்டாம். எவ்வளவு தேய்த்தாலும் மூடியின் ரப்பர் வளையத்தில் வாடை நிற்கும், அதனால் இந்தப் பத்து நாளுக்கு அதைத் தொடாதே. சின்னதாகப் புதுப் பாத்திரம் ஒன்று, கரண்டி, கத்தி வாங்கி உன் அறையில் வைத்துக்கொள். பருப்பும் சோறும் அதிலேயே வேகும். மற்ற மூவரிடமும் குறிப்பாகக் கேள்: காலை ஏழு மணி வரை அடுப்பு எனக்கு, ஃப்ரிட்ஜில் மேல் தட்டு எனக்கு, மீன் வேகும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். இப்படிக் கேட்டால் யாருக்கும் சரி என்று சொல்ல வரும். போனில் எழுதி அனுப்பாதே, நேரில் உட்கார்ந்து கிரியோலில் சொல்.

ரொட்ரிகஸ் பெண்ணிடம் கொஞ்சம் பதமாகப் பேசு. நீ சனிக்கிழமை பஸ் ஏறினால் அம்மா சமையல். அவளுக்கும் வீட்டுக்கும் நடுவே 600 கிலோமீட்டர் அளவுக்குக் கடல். அந்த ஊரித்தான் அவளுக்கு அம்மா சமையல்.

அப்புறம், மற்றவர்கள் என்ன மதம் என்று நீ எழுதவே இல்லை. கேட்டாயா? இந்த 2026 பிப்ரவரியில் 1-ஆம் தேதி நம் காவடி, 15-ஆம் தேதி மகா சிவராத்திரி, 18-ஆம் தேதி சாம்பல் புதன், அதே வாரத்தில் பிறை பார்த்து ரமலான். உன் வீட்டிலேயே இன்னும் ஒன்றிரண்டு விரதக்காரிகள் இருக்கலாம். எல்லாத் தேதியையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டு. நோன்பு பிடிப்பவள் விடியும் முன் எழுந்து பாத்திரம் உருட்டினால் நீ முனகக் கூடாது.

சரி, இனி அசல் விஷயம். ஊரித்தைப் பற்றி ஒரு வரிதான் எழுதினாய். மெஷின், பில், தட்டு என்று வரிவரியாகப் பொங்கியிருக்கிறாய். கோபம் அங்கேதான் இருக்கிறது. அதை முருகன் தலையில் கட்டாதே. காவடியை முன்னால் நிறுத்தி வீட்டை ஒழுங்குபடுத்தப் பார்த்தால் ரொட்ரிகஸ் பெண் அடி வாங்குவாள், மெஷின்காரி தப்பிவிடுவாள்.

சிஇபி கணக்கில் யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். நாலு பேர் ஒரே மீட்டரில் இருக்கும்போது மெஷின் தின்பது பெரும்பாலும் மேல்படி விலை யூனிட்டுகளை. ஒருமுறை மெஷின் போடும் முன்பும் முடிந்த பிறகும் மீட்டரைப் படித்து எழுது, அவளையும் பக்கத்தில் நிற்க வை. எண்ணைப் பார்த்த பிறகு சிரிப்பு வராது. அந்த யூனிட்டுகளை அவள் கணக்கில் வை, மீதியை நாலாகப் பிரி. ஜனவரி வெயிலில் ரோஸ் ஹில்லில் துணி காயவைக்க மெஷின் எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. மழை ஊரான கூர்பிப் என்றால் ஒப்புக்கொள்வேன்.

தட்டு? இனிமேல் கழுவாதே. ஒரு வாளியில் எடுத்துப் போட்டு அவள் அறை வாசலில் வை.

காவடியன்று ஞாயிற்றுக்கிழமை. மூவரையும் ஏழு கறிச் சைவச் சாப்பாட்டுக்குக் கூப்பிடு, மெஷின்காரியையும் சேர்த்து.

கேள்வி: மகன் மோக்காவில் மூன்று பையன்களோடு தங்கிப் படிக்கிறான். ஞாயிறுதோறும் சொல்லாமல் சாப்பாடு கொண்டுபோகிறேன், முகம் சுளிக்கிறான். - ஒரு தாய், குட்லாண்ட்ஸ்

பதில்: போன் பண்ணிவிட்டுப் போங்கள் அம்மா, நாலு பேருக்குக் கட்டுங்கள். இது புயல் காலம். இரண்டாம் புயல் எச்சரிக்கை வந்ததும் அவன் வீட்டுக்கு வருகிறானா, அங்கேயே இருக்கிறானா என்று முடிவு செய்துவிடுங்கள். மூன்றாம் எச்சரிக்கைக்குப் பிறகு அவனைக் கூட்டிவரக் காரை எடுக்காதீர்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்த அன்று போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோமே. நாலு பையன்கள் இருக்கும் வீட்டில் கேஸ் எப்போதும் தீரும் நிலையில்தான் இருக்கும், அதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.